மொட்டைக் கடிதமும் மூடிய உறையும்

கணக்கில் தப்பு நடக்கிறது என்பது ஆடிட்டருக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கணக்கை எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும். வராத சரக்குக்கு பில் வந்திருக்கும். ஆறு மாதம் முன்பே வேலையை விட்டுப் போனவர் பெயரில் மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டிருக்கும். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் அலுவலகத்திலிருந்து கிளம்பியிருக்கும், பி.எஃப். கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் மிகச் சிறிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். பார்த்ததை யாரிடம் சொல்வது? சொன்ன பிறகு தன் பெயர் எங்கெல்லாம் போகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் காலம்தான் மோசடிக்காரர்களின் பொற்காலம்.

மும்பையில் இந்தக் கேள்விகள் மிகப் பொருந்தும் இடங்களில் ஒன்று வடாலா. துறைமுகத்துக்குச் சொந்தமான நிலங்கள், எண்ணெய்த் தொட்டிகள், லாரி முனையம், ஆண்டாப் ஹில் கிடங்குகள், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள், பெஸ்ட் பஸ் டெப்போ என்று விரியும் பகுதி அது. அடுத்தவர் சரக்கையும் பணத்தையும் எண்ணி எழுதி வைப்பதே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த தலைமுறையில் தொடங்கி, இன்று கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் பேரப்பிள்ளைகள் வரை, மாதுங்கா - சயான் - வடாலா வட்டாரத்தில் தமிழனுக்குக் கிடைத்த நற்பெயர் ஒன்று உண்டு: கணக்கில் கெட்டி, வாயில் பூட்டு. சேட்டுகள் விரும்பியதும் இந்த இரண்டையும்தான்.

இந்தப் பூட்டின் விலை என்ன என்பதை அதே வட்டாரத்தில் தொடங்கிய ஒரு வங்கி சொல்லிக்கொடுத்தது.

வடாலா ரோடிலிருந்து குர்லா பக்கம் போகும் ஹார்பர் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் குரு தேக் பகதூர் நகர். பழைய பெயர் கோலிவாடா. அதை ஒட்டிய சயானில் 1984ல் ஒரே கிளையோடு தொடங்கப்பட்டது பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி. சுருக்கமாக பி.எம்.சி. வங்கி. டாக்சி டிரைவர்கள், சில்லறை வியாபாரிகள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டுவசதிச் சங்கங்கள் என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில் அது 137 கிளைகளாக வளர்ந்தது. 2019ல் அதன் வைப்புத்தொகை ரூ.11,000 கோடிக்கு மேல்.

அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி வாடிக்கையாளர்களுக்கு இடி போல வந்தது செய்தி. ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கிலிருந்து ரூ.1,000 மட்டுமே எடுக்கலாம். மாதத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய். கல்யாணத்துக்கு வைத்த பணம், ஆபரேஷனுக்கு வைத்த பணம், பென்ஷன் பணம் எல்லாம் ஒரே நாளில் வெறும் எண்களாயின. வரம்பு பிறகு படிப்படியாக ரூ.1 லட்சம் வரை உயர்த்தப்பட்டது. 2022 ஜனவரியில் வங்கி, யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டது. ரூ.5 லட்சம் வரை வைத்திருந்தவர்களுக்குக் காப்பீட்டின் மூலம் பணம் வந்தது. அதற்கு மேல் வைத்திருந்த முதியவர்களிடம், மீதியைத் தவணைகளில் வாங்கிக்கொள்ளுங்கள், கடைசித் தவணைக்குப் பத்தாண்டு ஆகும் என்று சொல்லப்பட்டது.

நடந்தது என்ன? அப்போதைய நிர்வாக இயக்குநர் ஜாய் தாமஸ் ரிசர்வ் வங்கிக்கு எழுதிய கடிதமே அதைச் சொல்லிவிட்டது. எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போன கடன் சுமார் ரூ.6,500 கோடி. வங்கி கொடுத்த மொத்தக் கடனில் நூற்றுக்கு எழுபத்து மூன்று பங்கு. திரும்பி வராத அந்தக் கடன்களை மறைக்க, 44 கணக்குகளுக்குப் பதிலாக 21,049 போலிக் கணக்குகள் ரிசர்வ் வங்கிக்குக் காட்டப்பட்டன. மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு பதிந்த வழக்கு 2008லிருந்து நடந்தவற்றைப் பற்றியது. கிட்டத்தட்ட பதினோரு வருடம். அத்தனை வருடமும் வங்கிக்கு ஆடிட்டர்கள் வந்து போனார்கள். ரிசர்வ் வங்கியின் ஆய்வும் நடந்தது.

வங்கிக்குள் வேலை பார்த்த சிலர் கொடுத்த தகவல்தான் கடைசியில் குட்டை உடைத்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இன்னொரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 21,049 போலிக் கணக்குகளின் பட்டியல் ஒரு வங்கியில் தானாக முளைக்காது. யாரோ தயாரிக்க வேண்டும், யாரோ அச்செடுக்க வேண்டும், யாரோ கையெழுத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது ஐந்து வருடம் முன்பே நம்பிப் போகக்கூடிய ஒரு கதவு தெரிந்திருந்தால்? ஓட்டை சிறியதாக இருக்கும்போதே அடைபட்டிருக்கும்.

அந்தக் கதவு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு சின்ன சாட்சியம். தனியார் மற்றும் வெளிநாட்டு வங்கிகளில் நடக்கும் முறைகேட்டைப் பெயர் வெளிவராமல் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் திட்டம் 2007 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அரசு வங்கிகளுக்கு அதற்கு முன்பே மத்திய அரசின் ஏற்பாடு இருந்தது. 2007 திட்டத்தின் தலைப்பிலேயே கூட்டுறவு வங்கிகள் இல்லை. ஏழை எளியவர்கள் பணம் போடும் வங்கியில் வேலை பார்ப்பவருக்குத்தான் வழி காட்டப்படவில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாயைக் கட்டுவதில் சட்டத்தை விடப் பலம் வாய்ந்தது உறவு. மும்பையில் தமிழ் இளைஞன் ஒருவனுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் விளம்பரத்தைப் பார்த்து அல்ல. ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் சேட்டிடம் சொல்லியிருப்பார். அல்லது சித்தப்பா, தான் ஓய்வுபெறும்போது தன் நாற்காலியைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருப்பார். தங்குவது அதே கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில். இந்த நிலையில் அவன் கம்பெனிக் கணக்கைப் பற்றி வாய் திறந்தால் போவது அவன் வேலை மட்டுமல்ல. சிபாரிசு செய்த அண்ணாச்சியின் சொல்லும் போகும். அடுத்து ஊரிலிருந்து வரவேண்டிய இரண்டு பையன்களின் வேலையும் போகும். 'தம்பி, வந்தோமா, வேலையைப் பார்த்தோமா, ஊருக்குப் பணம் அனுப்பினோமா என்று இரு. பெரிய இடத்து விவகாரம் நமக்கு எதற்கு?' என்று அண்ணாச்சி சொல்வது கெட்ட எண்ணத்தில் அல்ல. அவருக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இயங்குகிறது.

அப்படியானால் சொல்லத் துடிப்பவன் என்ன செய்வான்? தமிழ் அலுவலக உலகம் நெடுங்காலமாக அறிந்த ஆயுதத்தை எடுப்பான்: மொட்டைக் கடிதம்.

மொட்டைக் கடிதத்துக்கு நம்மிடையே மரியாதை கிடையாது. காரணமும் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று தெரிந்ததும் தலைமை அலுவலகத்துக்குப் பறந்த கடிதங்கள் எத்தனையோ. பெண் கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கடிதங்கள் எத்தனையோ. இந்தத் தொல்லை அரசு அலுவலகங்களில் எல்லை மீறிப் போனதால்தான், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் 1999 ஜூனில் ஓர் உத்தரவு போட்டார்: பெயர் இல்லாமலும் பொய்ப் பெயரிலும் வரும் புகார்கள் மீது எந்த நடவடிக்கையும் கூடாது. நேர்மையான அதிகாரிகளைக் காப்பாற்றுவது நோக்கம். சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் ஆணையத்தின் சம்மதத்தோடு விசாரிக்கலாம் என்று 2002ல் சற்றுத் தளர்த்தினார்கள். பின்னாளில் அந்தத் தளர்வும் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் மொட்டைக் கடிதம் எல்லாமே பொறாமைக் கடிதம் என்று சொல்லிவிட முடியாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் சுயேச்சை இயக்குநர் ஒருவருக்கு 2008 டிசம்பரில் பொய்ப் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனிக் கணக்குகள் உண்மையல்ல என்றது அது. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனர் ராமலிங்க ராஜுவே ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை.

வடாலாவிலிருந்து சில மைல் தூரத்தில் பாந்த்ரா - குர்லா வளாகத்தில் இருக்கிறது தேசியப் பங்குச் சந்தை. அதன் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் சில தரகர்களுக்கு மட்டும் விலை விவரம் முந்திக் கிடைக்கிறது என்று 2015 ஜனவரியில் செபிக்கு ஒரு கடிதம் போனது. அனுப்பியவர் போட்டிருந்தது புனைபெயர். ஒரு பிரதி மும்பைப் பத்திரிகையாளர் சுசேதா தலாலுக்கும் வந்தது. அவருடைய மணிலைஃப் பத்திரிகை அதை வெளியிட்டபோது பங்குச் சந்தை ரூ.100 கோடி கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டது. தடை கொடுக்க மறுத்த பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், 2015 செப்டம்பரில் சந்தைக்கு ரூ.50 லட்சம் செலவுத்தொகை விதித்தார். அதில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். 2019ல் செபி, சந்தை ரூ.624.89 கோடியை வட்டியோடு கட்ட வேண்டும் என்றது. 2023ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டு ரூ.100 கோடி கட்டச் சொன்னது. தொகை எதுவானாலும், கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தால் இவ்வளவும் வெளியே வந்திருக்காது.

மொட்டைக் கடிதத்தின் உண்மையான குறை வேறு. எழுதியவரிடம் திரும்பிப் போய், 'அந்த வவுச்சர் நம்பர் என்ன? அதைப் பார்த்தது எந்தத் தேதி?' என்று கேட்க முடியாது. பதில் கேட்க முடியாத புகார் பாதிக் கிணறுதான் தாண்டும். அதனால்தான் பெயரைச் சொல்லிப் புகார் கொடு, பெயரை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது. மொட்டைக் கடிதத்தில் பெயரே இருக்காது. மூடிய உறையில் பெயர் இருக்கும்; ஆனால் அது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் பெயரை வெளியே விடாமல் இருக்க வேண்டும். இதில் அடங்கியிருக்கிறது எல்லாம்.

அது காப்பாற்றப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சத்யேந்திர துபேயை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் வேலை. ஒப்பந்தங்களில் நடக்கும் கொள்ளையை விவரித்து 2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதம் எழுதினார். பெயரை மறைக்காமல் எழுதினார். ஆனால் ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பிரதமர் அலுவலகத்திலிருந்து அமைச்சகத்துக்கும், அங்கிருந்து அவர் வேலை பார்த்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் அவர் பெயரோடு இறங்கி வந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. விசாரித்த சி.பி.ஐ. இது வழிப்பறிக் கொலை என்றது. 2010ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ரகசியமாக வைக்கச் சொன்ன பெயர் மேஜை மேஜையாகப் போனது போனதுதான்.

நாடு கொதித்தது. உச்ச நீதிமன்றம் கேட்டது. 2004 ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொதுநலன் கருதித் தகவல் தருபவரின் பெயரை ரகசியமாக வைத்து விசாரிக்கும் பொறுப்பு கண்காணிப்பு ஆணையத்துக்கு வந்தது. அந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் யாருக்கு?

காலை எட்டேகால் மணிக்கு வடாலா ரோடு ஸ்டேஷனில் ஒரே பெட்டியில் ஏறும் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒருவர் துறைமுக ஊழியர். இன்னொருவர் பெஸ்ட் குமாஸ்தா. மூன்றாமவர் கிடங்குக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர். மூவரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கலாம். அலுவலகத்தில் மூவரும் ஒரே மாதிரியான திருட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு மூன்று விதம்.

துறைமுகம் மத்திய அரசு நிறுவனம். அங்கே வேலை பார்ப்பவர் கண்காணிப்பு ஆணையச் செயலாளருக்கு எழுதலாம். கடிதத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்ட வேண்டும். உறை மேல் 'பொதுநலத் தகவல் புகார்' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது சாதாரணப் புகாராகிவிடும், பெயருக்குப் பாதுகாப்பு கிடையாது. உறையின் வெளியே அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட உறைகளுக்கு அனுப்புநர் பெயரும் போன் நம்பரும் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று தபால் ஆபீஸ்களுக்கு உத்தரவு இருக்கிறது. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும். பெயரில்லாத புகார் ஏற்கப்படாது. கிடைத்தது என்று பதில் வராது. அந்த மௌனமே ரகசியத்தின் ஒரு பகுதி. பதில் வரவில்லையே என்று மறுபடி மறுபடி எழுதினால் எழுதுகிறவர்தான் வெளியே தெரிவார்.

பெஸ்ட் நிறுவனம் மும்பை மாநகராட்சியைச் சேர்ந்தது. 2004 தீர்மானம் மாநில அரசுகளையும் உள்ளாட்சிகளையும் தொடாது. அவர் போகவேண்டியது மாநில லஞ்ச ஒழிப்புத் துறைக்கு (மகாராஷ்டிரத்தில் தொலைபேசி எண் 1064), அல்லது லோகாயுக்தாவுக்கு. வழி உண்டு, ஆனால் அது வேறு வழி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாமவர் நிலைதான் பரிதாபம். 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகள், வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் ரூ.50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகள் ஆகியவை ஊழியர்கள் புகார் சொல்ல ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. அவசியமானால் தணிக்கைக் குழுத் தலைவரை அவர் நேரடியாக அணுகலாம். கிடங்குக் கம்பெனி இந்த மூன்றிலும் சேராது. அங்கே தணிக்கைக் குழுவும் சேட்தான், இயக்குநர் குழுவும் சேட்தான். இரண்டு நம்பர் கணக்கு எழுதச் சொன்னவரிடமே போய், 'இங்கே இரண்டு நம்பர் கணக்கு எழுதுகிறார்கள்' என்று புகார் சொல்ல முடியுமா?

தகவல் தருபவர்களைக் காப்பாற்ற நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. பெயரை வெளியிடும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை உண்டு என்றது அந்தச் சட்டம். ஆனால் அது அமலுக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2015ல் ஒரு திருத்த மசோதா வந்தது. அதுவும் 2019ல் மக்களவையோடு காலாவதியானது. அமலுக்கு வந்திருந்தாலும் வடாலாக் கிடங்குக்காரருக்குப் பயனில்லை. அது அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றிய சட்டம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தனக்கு வரவேண்டிய பணம் என்றால் அரசுக்குப் பெயரைக் காப்பாற்றத் தெரிகிறது. வருமான வரித் துறை 2018ல் அறிவித்த திட்டத்தில், வரி ஏய்ப்பு பற்றித் தகவல் தருபவரின் அடையாளம் ரகசியம், வெகுமதி ரூ.50 லட்சம் வரை. பினாமிச் சொத்து என்றால் ரூ.1 கோடி வரை. பங்குச் சந்தை உள்விவர வியாபாரம் பற்றித் தகவல் தருபவருக்கு செபி 2019ல் ரூ.1 கோடி வரை என்று ஆரம்பித்து 2021ல் ரூ.10 கோடியாக உயர்த்தியது. வழக்கறிஞர் மூலமாகவும் தகவல் கொடுக்கலாம். அமெரிக்காவில் இதே வழி இன்னும் அகலம். பெயரே சொல்லாமல் வழக்கறிஞரை முன்னிறுத்திப் புகார் கொடுக்கலாம். 2023ல் ஒரே ஒருவருக்கு 27.9 கோடி டாலர் கிடைத்தது. ஆக, ரகசியத்தைக் காப்பது முடியாத காரியம் அல்ல. கஜானாவின் பணத்துக்குச் செய்வதை, பி.எம்.சி. வங்கியில் பணம் போட்ட டாக்சி டிரைவரின் பணத்துக்கும் செய்யலாம்.

சட்டம் வரும் வரை முதலாளிகள் ஒன்று செய்யலாம். புகார்க் கடிதம் வந்ததும் நம் அலுவலகங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி, 'யார் எழுதியது?' கையெழுத்தை ஒப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எந்த டைப்ரைட்டரில் எந்த எழுத்து உடைந்திருக்கிறது என்று தேடினார்கள். இன்று எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போனது என்று தேடுகிறார்கள். இரண்டாவது கேள்வி, 'எழுதியது உண்மையா?' என்பது. பல இடங்களில் அது கேட்கப்படுவதே இல்லை.

இந்த வரிசையை மாற்றிக் கேட்டதற்காக லண்டனில் ஒரு பெரிய மனிதர் அபராதம் கட்டினார். பார்க்லேஸ் வங்கியின் தலைமை நிர்வாகி ஜெஸ் ஸ்டேலி, 2016ல் வந்த ஒரு பெயரில்லாக் கடிதத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வங்கியின் பாதுகாப்புப் பிரிவையே ஏவினார். 2018 மே மாதம் பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் விதித்தன. கடிதத்தில் இருந்த விஷயம் சரியா தவறா என்பது அங்கே பிரச்சினையே அல்ல. எழுதியவரைத் தேடியதே குற்றம்.

எழுதுகிறவருக்கும் சில பொறுப்புகள் உண்டு. கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். 'மானேஜர் திருடன்' என்பது வசவு. 'மார்ச் 12ஆம் தேதி இந்த நம்பர் பில்லில் நாற்பது டன் என்று இருக்கிறது; அன்றைய கேட் பதிவேட்டில் அந்த லாரியே இல்லை' என்பது தகவல். விசாரிப்பவருக்கு இரண்டாவதுதான் உதவும். அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்தோ அலுவலகம் கொடுத்த போனிலிருந்தோ அனுப்பக் கூடாது. தன் வேலையில் இயல்பாகக் கைக்கு வரும் ஆவணங்களைத் தேதியோடு குறித்துக்கொள்ளலாம். பூட்டிய அலமாரியைத் திறப்பது அவரையே குற்றவாளியாக்கும். தான் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை அப்படியே எழுதினால் பெயர் போடாமலே பெயர் தெரிந்துவிடும் என்பதையும் யோசிக்க வேண்டும். நான்கைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இது பெரிய சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைத் தோழரிடம் சொல்லக் கூடாது. ரகசியம் பெரும்பாலும் கசிவது டெல்லியில் அல்ல, சாயங்காலம் டீக்கடையில்.

சில திருட்டுகளுக்குப் புகாரே வேண்டாம், பார்வை போதும். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்படுகிறதா என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தன் கணக்குப் புத்தகத்தை இணையத்திலோ செல்போனிலோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கம்பெனி தடுமாறுகிறது என்பதற்கான முதல் அறிகுறி பல நேரம் அங்கேதான் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து பார்த்து, பத்துப் பேரும் சேர்ந்து கேட்டால் 'யார் சொன்னது?' என்ற கேள்விக்கு இடமே இல்லை.

புகாருக்கு ஆளானவரின் பெயரும் பெயர்தான். விசாரணை முடியும் முன்பே அது ஊர் சுற்றினால், நிரபராதியாக இருந்தாலும் அவரால் மறுபடி அந்த நாற்காலியில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. வேண்டுமென்றே பொய் சொல்பவரைத் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். ஆனால் நல்லெண்ணத்தோடு சந்தேகத்தைச் சொல்லி அது தவறாகிப் போனவரைத் தண்டித்தால், அடுத்தவர் சரியான சந்தேகத்தைக்கூடச் சொல்ல மாட்டார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாத நிர்வாகத்தில் புகார்ப் பெட்டி வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான்.

கணக்கில் கெட்டி, வாயில் பூட்டு என்ற நற்பெயரை மும்பைத் தமிழர் மூன்று தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கெட்டி என்ற பாதியை விட்டுவிட வேண்டியதில்லை. பூட்டு என்ற பாதிக்குத்தான் சாவி வேண்டும். மொட்டைக் கடிதத்தைக் கேவலம் என்று ஒதுக்கும் அரசும் நிர்வாகங்களும், பெயரோடு வரும் உறையைப் பிரிக்கத் தகுதியான ஒரு கையை முதலில் காட்டட்டும். கிடங்கில் கணக்கு எழுதும் அந்தப் பையன் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதும் அதைப் பொறுத்தது.